வானத்துக் கொக்கி

இன்குபேட்டருக்குள் குழந்தை இல்லை.
ஒரு கிலோ பொன்னி அரிசி,
தேக்காவில் வாங்கியது.
வெள்ளைத் துணியில் சுற்றி, பட்டையால் இறுக்கி,
நெஞ்சு இருக்கவேண்டிய இடத்தில்
அதிர்வுமானி ஒட்டியிருக்கிறேன்.
ஹைகல் பேனாவை எடுத்து அதற்குக் கண் வரைந்தான்.
மூடிய கண்கள்.
தூங்கட்டும் என்றான்.

நள்ளிரவு தாண்டி துவாஸிலிருந்து கிளம்பினோம்.
அவன் முன்னால்.
நான் பின்னால், அரிசிக்குப் பக்கத்தில்,
முழங்காலில் மடிக்கணினி.

முதல் ஓட்டத்தில் மோட்டார்களை அணைத்துவைத்தோம்.
வெறும் சுருள்வில், வெறும் எண்ணெய்.
மேம்பாலத்தின் ஒவ்வோர் இணைப்பிலும்
தடக்,
தடக்,
திரையில் ஒரு ஈட்டி, இன்னொரு ஈட்டி.
சிங்கப்பூர்ச் சாலை வழவழப்பு என்பவர்கள்
ஒரு கிலோ எடையோடு
இதில் போனதில்லை.
கிளமெண்டியில் இறங்கிப் பார்த்தபோது
அரிசி கால்பக்கம் சரிந்திருந்தது.
அவிழ்த்து நிமிர்த்தி மறுபடி கட்டினேன்.

என் பாடப்புத்தகத்தில் ஒரு பொய் உண்டு, அழகான பொய்:
வண்டியின் உடலை
வானத்தில் ஒரு கொக்கியில் மாட்டிவிடு.
அப்புறம் கீழே சக்கரங்கள்
என்ன கூத்து வேண்டுமானாலும் அடிக்கட்டும்.
கொக்கி கிடையாது என்பது எழுதியவருக்கும் தெரியும்.
அதனால் நொடிக்கு ஆயிரம் தடவை
கணக்குப் போடுகிறோம்:
அது இருந்திருந்தால்
இந்தக் கணம் எவ்வளவு இழுத்திருக்கும்?
அவ்வளவையும் நான்கு மூலையில் நான்கு மோட்டார்கள்
கீழிருந்து தள்ளித் தருகின்றன.
பின்கதவுக் கண்ணாடியில்
துறைமுகத்துக் கிரேன்கள் விளக்கேற்றி நின்றன,
அத்தனை கொக்கிகள்.
ஒன்றும் எங்களுக்கில்லை.

இரண்டாவது ஓட்டம். இயக்கினேன்.
தடக் இல்லை.
வளைவில் வெளிப்பக்கக் கால்கள் எழும்பித் தாங்க
உள்பக்கம் தணிந்து கொடுக்க
வண்டி தட்டிலிட்ட நீர்போல மட்டமாய்த் திரும்பியது.
பிரேக்குக்கு மூக்கு குத்தவில்லை.
பச்சைக் கோடு
திரையில் நீட்டிப் படுத்துவிட்டது.
நாலு மாதம். நான் சத்தமாகவே சிரித்தேன்.

ஹைகல் ஓரங்கட்டி நிறுத்தினான்.
பிடிக்கவில்லை என்றான்.
தொண்ணூறில் போனேன், அறுபது மாதிரி இருந்தது.
வளைவு வந்ததே வளைந்தபிறகுதான் தெரிந்தது.
மழை பெய்திருந்தால்?
ரோடு என் முதுகோடு பேசும், அக்கா.
இன்றைக்கு அது ஊமை.

கோபம் வந்தது. சொன்னேன்,
இது ஓட்டுபவனுக்காகச் செய்தது இல்லை,
படுத்திருக்கும் உயிருக்கு.
அவன் திரும்பி அந்த மூடிய கண்களைப் பார்த்தான்.
சரி, ஆனால்
அதை ஓட்டுவது நான்தானே.

லாரி ஒன்று கடந்தது.
எங்கள் வண்டி அசையக்கூட இல்லை,
அவ்வளவு நல்ல வேலை.

சின்ன நெஞ்சைக் குலுக்கும் அதிர்வு வேறு,
அவன் முதுகு படிக்கும் அதிர்வு வேறு.
ஒரே எண்ணால் இரண்டையும் நான் அடக்கியிருந்தேன்.
பிரித்தேன்.
மேலும் கீழுமான உதறல் கொக்கிக்கே இருக்கட்டும்.
வளைவில் ஒன்றரை டிகிரி சாய்வை
அவனுக்குத் திருப்பிக் கொடுத்தேன்.
ஸ்டியரிங்கில் தாரின் சொரசொரப்பு கொஞ்சம்.

மூன்றாவது ஓட்டம்.
அதே வளைவில் அவன் தோள் லேசாய்ச் சாய்ந்தது,
கால் தானாகவே தணிந்தது.
எண்பத்திரண்டு.
ஒன்றும் சொல்லவில்லை, விசிலடித்தான்.
பச்சைக் கோட்டில் ஒரு சுருக்கம்,
தூக்கத்தில் புரள்கிற அளவு.

காலையில் அறிக்கைப் படிவம் கேட்டது:
மதிப்பைக் குறைத்த காரணம்?
'ஓட்டுநர் கேட்டார்' என்று எழுதினேன்.
அழித்தேன்.
'ஓட்டுநருக்கும் சாலை வேண்டும்' என்று எழுதி
அப்படியே விட்டேன்.
அரிசி ஒரு விரற்கடை கீழிறங்கியிருந்தது.
அதையும் குறித்துவைத்தேன்.